ஜன்னலோரக் கட்டிலின் பச்சை அட்டை

டாக்டர் ஒரு தாளில் குடலை வரைந்து, அது வளைந்து திரும்பும் இடத்தில் பேனாவால் சின்ன வட்டம் போட்டார். வட்டத்தை அவள் மகனிடம் காட்டி, அவனுக்கே விளக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் அவள், யாரோ மறந்துவிட்டுப் போன குடை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுபத்தேழு வயசு டாக்டர்," என்றான் மகன், குரலைத் தாழ்த்தி. "இந்த வயசுல வயித்தைக் கிழிக்கணுமா? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே."

"கட்டி என் வயித்துலடா இருக்கு," என்றாள் அவள். "உன் வயித்துல இல்ல. கேக்கறதா இருந்தா என்னைக் கேக்கச் சொல்லு."

டாக்டர் தாளை அவள் பக்கம் திருப்பினார். முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது.

"உள்ளதைச் சொல்றேம்மா. ஆபரேஷனைக் கூட உங்க உடம்பு தாங்கிடும். அதுக்கப்புறம் வர்ற நாட்கள்தான் கண்டம். நெஞ்சுல சளி கட்டும், மனசு குழம்பும், படுத்தவங்க படுத்தபடியே ஆயிடுவாங்க. வயசானவங்களுக்கு இதெல்லாம் அதிகமா வருது. எல்லாருக்கும் வரும்னு சொல்லல."

"பண்ணலன்னா?"

"குடல் அடைச்சுக்கும். ஆறு மாசம், எட்டு மாசம்."

"பண்ணினா?"

"நல்லபடியா தேறிட்டீங்கன்னா, பத்து வருஷம் கழிச்சு இதே நாற்காலியில உக்காந்து என்னைத் திட்டலாம்."

"அப்ப வெட்டுங்க," என்றாள்.

அவள் இருபத்தொன்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். கிரேனின் கூண்டுக்குப் போக இரும்பு ஏணியில் தொண்ணூற்றாறு படி. மேலே போய் உட்கார்ந்தால் கப்பல்கள் சோப்புப் பெட்டிகளாகிவிடும். கடல் மட்டும் சிறுக்காது. துறைமுகத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. எல்லாருக்கும் அவள் கிரேனம்மாதான். வேலையை விட்டுப் பதினேழு வருடம் ஆன பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை. உயரமும் விடவில்லை. லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். மாடிக்குப் பதினெட்டாக ஐம்பத்துநாலு படி, தினம் இரண்டு தடவை. சமையலறை ஜன்னலில் நின்றால் தூரத்தில் கிரேன்கள், கடலைக் குனிந்து குடிக்கும் நெட்டைக் கழுத்துப் பறவைகள் போலத் தெரியும்.

மகன் ஊரின் மறுகோடியில், தரைத்தள வீட்டில் இருந்தான். பின்பக்க அறையை ஒழித்து, புது மெத்தை போட்டு, திரைச்சீலைகூட வாங்கிவிட்டான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் நம்ம வீட்டுக்கு வந்துடு," என்றான், காரை எடுத்தபடி. "அந்த மூணாவது மாடியைக் காலி பண்ணிடலாம்."

"ஆஸ்பத்திரியில இருந்து வர்ற அன்னைக்கு என் படியை நானே ஏறிட்டா?"

"ஏறு பாக்கலாம்! நான் ஏறினாலே நாக்கு வெளிய தள்ளுது."

"ஏறினா?"

அவன் சிக்னலில் காரை நிறுத்தினான். "ஏறினா உன் வீடு. ஏறலன்னா பின் ரூம். அப்புறம் முரண்டு பிடிக்கக் கூடாது."

"சரி," என்றாள். அந்தச் சுவரை நினைத்தபோது கட்டியே தேவலை என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் இரண்டு கட்டில் அறை. பக்கத்துக் கட்டிலில் கணக்கு டீச்சர் ஒருத்தி. நாற்பத்து மூன்று வயது. அவளுக்கும் குடலில் கட்டி, அதே டாக்டர், அதே நாள் ஆபரேஷன். முந்தின நாள் மத்தியானம் வார்டு சிஸ்டர் வந்து இரண்டு கட்டில்களின் கால்மாட்டுக் கம்பியிலும் ஒவ்வொரு அட்டையைக் கயிற்றால் கட்டினாள்.

"எழுபதுக்குக் கீழன்னா பச்சை கார்டு, மேலன்னா மஞ்சள்," என்று விளக்கினாள். "பச்சைன்னா மறுநாளே எழுப்பி நடக்க விடுவோம், சீக்கிரமே சாப்பாடு. மஞ்சள்னா எல்லாம் மெதுவா. மருந்தெல்லாம் உங்க கைப்பட்டையைப் பாத்துத்தான் குடுப்போம். இது நடைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்."

டீச்சருக்கு ஜன்னலோரக் கட்டில். சாயங்காலம் அவள் முகம் வெளுத்திருந்தது.

"பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு உயரம்னா தலை சுத்தும். கண்ணைத் திறந்தா அஞ்சு மாடி கீழ தெரியுது. கட்டில் மாத்திக்கலாமா?"

"உயரமா? அல்வா சாப்பிடறியான்னு கேக்கற மாதிரி கேக்கறியே!"

பணியாள் ஒருவர் வந்து பைகளையும் தலையணைகளையும் மாற்றிவைத்தார். நோட்டில் கட்டில் எண்ணையும் திருத்தினார்கள். அட்டைகள் மட்டும் கட்டின இடத்திலேயே தொங்கின.

ஆபரேஷன் நாலரை மணி நேரம். நினைவு தெளிந்து அறைக்குத் திரும்பியபோது, வயிற்றின் நடுவே தொப்புளைச் சுற்றிக்கொண்டு இறங்கிய தையல், யாரோ சூடான ரயில் தண்டவாளத்தைப் பதித்துவிட்டது மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்தாள். வார்டுக்குப் புதியவள், காலில் சக்கரம் கட்டினவள். கம்பியில் தொங்கிய பச்சை அட்டையைப் பார்த்தாள்.

"குட் மார்னிங்! எழுந்திருக்கலாமா?"

கிரேனம்மா அவளைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் கால்மாட்டில் தொங்கிய மஞ்சளைப் பார்த்தாள். நடந்த தப்பு அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தாள். மெதுவா, மெதுவா என்று பத்து நாள் படுக்கவைத்தால் கால் என்ன ஆகும்? பின்பக்க அறையின் சுவர் கண்முன் வந்து நின்றது.

வாயை மூடிக்கொண்டாள்.

"எழுந்திருக்கலாமே," என்றாள்.

பாரத்தை வெடுக்கென்று தூக்குகிறவன் கிரேன் ஓட்டக்கூடாது. முதலில் கயிற்றின் தளர்வை எடுக்கவேண்டும். பாரம் கயிற்றில் தெரியும். அங்கே நிற்கவேண்டும். பாரமும் கயிறும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ள ஒரு மூச்சு. பிறகு தூக்கவேண்டும். இருபத்தொன்பது வருடம் இரும்புக்குச் செய்ததை இப்போது தன் உடம்புக்குச் செய்தாள். ஒருக்களித்துப் படுத்து, தலையணையைத் தையலோடு அணைத்து, தளர்வை எடுத்தாள். வலி தெரிந்தது. நின்றாள். தூக்கினாள்.

கால் தரையில் பட்டபோது அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தாள்.

"பிரமாதம்!" என்றாள் பிசியோதெரபிஸ்ட். "இந்த அறையில முதல்ல எழுந்தது நீங்கதான்."

பக்கத்துக் கட்டிலில் டீச்சர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு மஞ்சள் கார்டு பெரியம்மா. படுத்திருக்கறது என் பிறப்புரிமை."

இரண்டாம் நாள் கதவுவரை போய்வந்தாள். மூன்றாம் நாள் காலை நடைக்கூடத்தின் பாதி. அன்று மத்தியானம்தான் எல்லாம் தலைகீழானது.

இரண்டு இரவு தூக்கமில்லை. வலிக்கு மருந்து வேறு. கண்ணை மூடித் திறந்தபோது அவள் கூண்டுக்குள் இருந்தாள். கையில் விசைப்பெட்டி. பொத்தானை அழுத்தினாள், பாரம் எழும்பியது. உண்மையில் எழும்பியது கட்டிலின் தலைமாடு; கையில் இருந்தது கட்டிலை ஏற்றி இறக்கும் ரிமோட்.

"கீழ ஆள் நிக்கிறான்! விலகச் சொல்லுங்க!" என்று கத்தினாள். ஒரு கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டி, சின்ன வட்டமாகச் சுழற்றினாள். தூக்கு என்று அதற்கு அர்த்தம். கிரேனுக்குக் கீழே நிற்பவர்கள் இரைச்சலில் பேச முடியாது; விரலால்தான் பேசுவார்கள்.

பழப்பையோடு வாசலில் நின்ற மகன் அப்படியே நின்றான். அந்த விரலை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்போதெல்லாம் அவன் கட்டிலருகே நின்று அம்மா விரலைச் சுழற்றுவாள்: எழும்பு. படுக்கப் போகும்போது வாசலில் நின்று இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக் காட்டுவாள்: எல்லாம் நிறுத்து, பாரம் பத்திரமாக இருக்கிறது. அதன் பிறகுதான் அவன் தூங்குவான்.

"அம்மா," என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் எங்கேயோ இருந்த கப்பலைப் பார்த்தாள்.

டாக்டர் வந்தார். மருந்தை மாற்றினார், திரைச்சீலையைத் திறக்கச் சொன்னார், மூக்குக் கண்ணாடியை எடுத்து அவரே மாட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் கப்பல் போய், மகன் தெரிந்தான்.

"எவ்வளவு நேரமாடா நிக்கிற? உக்காரு."

அவன் உட்கார்ந்தான். பழப்பையின் காதைத் திருகிக்கொண்டே சொன்னான்: "பந்தயமெல்லாம் வேண்டாம்மா. பின் ரூமுக்கு ஏசி போடச் சொல்லிட்டேன்."

"படி இன்னும் அங்கேயேதானே இருக்கு? யாரும் தூக்கிட்டுப் போகலையே?"

அவன் பழங்களை எடுத்து மேஜையில் அடுக்கினான்.

நாலாம் நாள் காலையில் அவள் நடைக்கூடத்தை நாலு முறை சுற்றிவிட்டுத் திரும்பியபோது, டீச்சரின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது. காய்ச்சல். மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. இருமச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சக்கரம் வைத்த எக்ஸ்ரே பெட்டி வந்து போனது.

"நுரையீரலோட அடிப்பக்கம் சளி அடைச்சிருக்கு," என்று டாக்டர் வாசலில் நின்று சிஸ்டரிடம் சொன்னது கேட்டது. "நாலு நாளா படுத்தே இருந்தா வேற என்ன ஆகும்? நாற்பத்து மூணு வயசுதானே, ஏன் எழுப்பல?"

டாக்டர் அடுத்த அறைக்கு ஓடினார். கிரேனம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தன் கால்களைப் பார்த்தாள். நாலு நாளாக அவளைத் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள். அந்த நடையில் பாதி இன்னொருத்தியுடையது. துறைமுகத்தில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு: பாரத்துக்குக் கீழே ஆள் நிற்பது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது.

சொன்னால் மஞ்சள் வரும். மஞ்சளுக்குப் பின்னால் சுவர்.

"சிஸ்டர்," என்றாள். "இந்தப் பச்சை கார்டு என்னுது இல்ல."

சிஸ்டர் அருகில் வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சரிம்மா, சரிம்மா. படுத்துக்கோங்க. டாக்டரைக் கூப்பிடறேன்."

"குழம்பல சிஸ்டர், தெளிவாத்தான் பேசறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாங்க கட்டில் மாத்திக்கிட்டோம். கார்டை மாத்தல. எனக்கு முதல் நாளே தெரியும். உங்க நோட்டைப் பாருங்க."

சிஸ்டர் நோட்டைப் பார்த்தாள். கைப்பட்டையைப் பார்த்தாள். பிறகு இரண்டு அட்டைகளையும் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"ஐயையோ! எழுபத்தேழு! நாலு சுற்று நடக்க விட்டீங்களா?"

"நான் கார்டைத்தான் பாத்தேன் சிஸ்டர்," என்றாள், நடக்கவைத்துவிட்டு அறையிலேயே நின்றிருந்த பிசியோதெரபிஸ்ட், அழாத குறையாக. "வயசைப் பாக்கல. பாக்கற மாதிரியும் இல்ல அவங்க நடை."

"முகத்தைப் பாத்தாவது தெரியாதா?"

"சிஸ்டர், ஆபரேஷன் முடிஞ்ச எல்லாரும் எனக்கு எழுபத்தேழாத்தான் தெரியறாங்க."

பச்சை அவிழ்ந்தது, மஞ்சள் ஏறியது. கட்டிலின் இருபக்கத் தடுப்புக் கம்பிகளும் மேலே வந்தன. கிரேனம்மா மறுபடி கூண்டுக்குள் இருந்தாள், இந்த முறை படுத்தபடி.

"பெரியம்மா." டீச்சரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லல."

"ஏன்?"

படியையும் பந்தயத்தையும் சுவரையும் சொன்னாள். எதையும் மெருகு போடாமல் சொன்னாள். டீச்சர் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"உங்க மேல கோவமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா நானும் வாயைத் திறக்கலையே. எனக்கு நாற்பத்து மூணு, இது ஏன் மஞ்சள்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்திரிச்சா தையல் பிரிஞ்சிடுமோன்னு பயம். மஞ்சளைப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு." இருமல் வந்தது. முடிந்ததும் சொன்னாள்: "வயசைப் பத்தி ஒரு பொம்பளை பொய் சொன்னா, குறைச்சுத்தான் சொல்லுவா. நான் முப்பத்து நாலு கூட்டிக்கிட்டேன்."

கிரேனம்மா சிரித்தாள். தையல் சுள்ளென்று இழுத்தது. சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

டாக்டர் வந்தபோது பிசியோதெரபிஸ்டின் நோட்டைக் கையில் வைத்திருந்தார். முதல் நாள் நாற்காலி. இரண்டாம் நாள் கதவு. மூன்றாம் நாள் பாதி. நாலாம் நாள் நாலு சுற்று. இரண்டு தடவை படித்தார்.

"முதல்ல திட்டிடறேன்," என்றார். "நீங்க மறைச்சதுல இன்னொருத்தர் கஷ்டப்பட்டிருக்காங்க."

"திட்டுங்க டாக்டர். நானே திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"திட்டியாச்சு. இப்ப அந்த நாற்காலியில உக்காருங்க. கையை மார்புல கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க."

சிஸ்டர் தடுப்புக் கம்பியை இறக்கினாள். கிரேனம்மா உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். தளர்வை எடுத்தாள். பாதம் பாரத்தை அறிந்தது. அங்கே நிறுத்தினாள், ஒரு மூச்சு. தூக்கினாள்.

நின்றுகொண்டிருந்தாள். ஆடவில்லை.

டாக்டர் குனிந்து மஞ்சள் அட்டையின் முடிச்சை அவிழ்த்தார். "யாரு இவங்களுக்கு இதைக் கட்டினது?"

"நீங்கதான் டாக்டர் சொன்னீங்க," என்றாள் சிஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "எழுபதுக்கு மேலன்னா மஞ்சள்னு."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். பிறந்த வருஷத்தைப் பாத்துக் கார்டு கட்டக் கூடாது. இனிமே ஆபரேஷனுக்கு முந்தின நாளே எல்லாரையும் நாற்காலியில இருந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்க, நாலடி நடக்கச் சொல்லிப் பாருங்க. அப்புறம் கட்டுங்க. கட்டில்ல இல்ல, கையில." கதவருகே திரும்பினார். "இவங்க ரெண்டு பேருக்கும் பச்சை."

அன்று சாயங்காலமே கிரேனம்மா டீச்சரின் கட்டிலருகே போய் நின்றாள்.

"எந்திரி."

"முடியாது பெரியம்மா."

"முடியாதுன்னு உடம்பு சொல்லட்டும், நீ சொல்லாத. தலையணையை வயித்தோட அணைச்சுக்கோ. ஒருக்களி. அவசரப்படாத, தளர்வை எடு. வலிக்குதா? அங்கேயே நில்லு. வலி உன்னைப் பாத்துக்கட்டும். பாத்துடுச்சா? இப்ப தூக்கு."

டீச்சர் எழுந்தாள். எழுந்த வேகத்தில் பத்து தடவை இருமினாள், சளி வந்தது. ஆக்ஸிஜன் குழாயோடு கதவுவரை நடந்தாள். மறுநாள் நடைக்கூடம். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏழாம் நாள் பிசியோதெரபிஸ்ட் கிரேனம்மாவை ஆஸ்பத்திரிப் படியில் ஒரு மாடி ஏற்றி இறக்கினாள். அதே நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு தாள் வந்தது. வெட்டியெடுத்த குடலின் ஓரங்களில் நோய் இல்லை. பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பதில். டாக்டர் அதைத் தபால்காரர் மாதிரி ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார்.

எட்டாம் நாள் கிரேனம்மா கிளம்பினாள். டீச்சருக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. லிப்ட்வரை கூடவே நடந்து வந்தாள்.

"படி ஏறினா போன் பண்ணுங்க பெரியம்மா."

"ஏறலன்னா?"

"அந்த விடையை நான் திருத்த மாட்டேன். நேரா சிவப்புல அடிச்சிடுவேன்."

மகன் காரிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். இன்னொரு கையில் பை. கட்டடத்தின் வாசலில் அவள் நின்று மேலே பார்த்தாள். படிக்கட்டு தன் சுருளுக்குள் தானே தூங்கும் நத்தை மாதிரி இருந்தது.

முதல் பதினெட்டு படிகளை, ஒரு படியில் இரண்டு காலும் வைத்து வைத்து ஏறினாள். முதல் மாடியில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். இரண்டாவது பதினெட்டில் கைப்பிடிக் கம்பியோடு பேசிக்கொண்டே ஏறினாள். முப்பத்தாறாவது படியில் மகன் நாற்காலியை விரித்தான்.

"உக்காரு."

"இது பந்தயத்துல உண்டா?"

"உக்காரக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே."

உட்கார்ந்தாள். நூறு எண்ணினாள். எழுந்தாள்.

நாற்பத்தேழாவது படியில் உடம்பு நின்றுவிட்டது. வலியில்லை, வெறுமனே நின்றுவிட்டது, எண்ணெய் தீர்ந்த எஞ்சின் போல. இன்னும் ஏழு படி. கம்பியைப் பிடித்த கை வெளுத்தது. பின்னால் மகனின் மூச்சு கேட்டது. இரண்டு கையையும் ஏந்தியபடி அவன் நிற்பது திரும்பாமலே தெரிந்தது. போதும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் அந்தக் கைகளில் சாய்ந்துவிடுவாள். அவளுக்கே அது தெரிந்தது.

அவன் சொல்லவில்லை.

பையைப் படியிலேயே வைத்தான். அவள் தோளை உரசாமல் சுவரோரமாக ஒதுங்கி, அவளைத் தாண்டி மேலே போனான். கடைசிப் படிக்கு மேல், அவள் வீட்டு வாசலில் போய்த் திரும்பி நின்றான். ஐம்பது வயது ஆள், தொப்பையோடு, வேர்த்து விறுவிறுத்து. வலது கையை உயர்த்தினான். ஆள்காட்டி விரலை நீட்டி, சின்ன வட்டமாகச் சுழற்றினான்.

தூக்கு.

அவள் அந்த விரலையே பார்த்தாள். கீழே நிற்பவர்கள்தான் அவளுக்கு விரல் காட்டுவார்கள். மேலே நின்று ஒருவன் காட்டுவது இதுதான் முதல் தடவை. தளர்வை எடுத்தாள். நின்றாள். நாற்பத்தெட்டு. நின்றாள். நாற்பத்தொன்பது. விரல் சுழன்றுகொண்டே இருந்தது. ஐம்பது. அவன் கண்ணைத் துடைக்கக்கூட மற்றக் கையைத்தான் எடுத்தான். ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று.

ஐம்பத்துநாலு.

சாவியை அவளே போட்டாள். ஒன்பது நாள் மூடிக்கிடந்த வீடு தன் மூச்சை அவள் முகத்தில் விட்டது. நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். கடல் அங்கேயே இருந்தது. நெட்டைக் கழுத்துப் பறவை ஒன்று ஏதோ ஒரு பெட்டியை நிதானமாக மேலே எடுத்துக்கொண்டிருந்தது.

மகன் பையையும் நாற்காலியையும் கொண்டுவந்து, அந்த நாற்காலியிலேயே தொப்பென்று விழுந்தான். மூச்சு இரைக்கக் கேட்டான்.

"பின் ரூமுக்கு ஏசி போட்டாச்சே. அதை என்னம்மா பண்றது?"

"நீ போய்ப் படு. எப்படி மூச்சு வாங்குது பாரு உனக்கு. இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

அவன் சிரித்தான். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவன் பக்கம் திரும்பி நின்றாள். இரண்டு கைகளையும், தையலுக்கு மேலே, வயிற்றுக்கு முன்னால் கோத்துக் காட்டினாள்.